செத்த பாம்பை அடிக்கும் உடம்பு

தொழுநோய் தீர்ந்தது என்று டாக்டரம்மா மிஞ்ச் கேஜாபாயை அனுப்பிவைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடங்கிக் கிடந்த தேமல்கள் சிவந்து வீங்கின. முழங்கை நரம்பு புடைத்து, தொட்டால் உயிர் போனது. வலது கையின் சுண்டுவிரல் சொன்ன பேச்சு கேட்காமல் விலகி நின்றது. மகாநதிக் கரைச் சந்தையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் போட்டுவிடும்போதே கண்ணாடி வளையல் கேஜாபாயின் பிடியில் நொறுங்கியது. வளையல்காரிக்குக் கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

"ஒரு வருஷம் முழுங்குன மாத்திரைதான் இப்பத் திருப்பிக் கடிக்குது," என்றான் கணவன் பிசாஹு. "ஊர் மந்திரவாதி பைகாகிட்ட போய் மந்திரிச்சுக்கலாம், வா."

"நீ போய்யா. உன் வாய்க்கும் சேர்த்து மந்திரிக்கச் சொல்லு."

பயம் வந்தால் கேஜாபாய்க்கு முதலில் வாய்தான் நீளும். அவள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற, புலம்பிக்கொண்டே அவனும் ஏறினான்.

டாக்டரம்மா நரம்பைத் தடவிப் பார்த்தார். "நோய் திரும்பல கேஜா. கிருமி செத்தாச்சு."

"அப்ப யாரு என் கையை முறுக்குறது?"

"உன் உடம்புதான். இத்தனை நாள் கிருமியைக் கண்டுக்காமத் தூங்குச்சு. இப்ப முழிச்சுக்கிட்டு செத்த பாம்பைப் போட்டு அடிக்குது. பாம்பு கிடக்குறது நரம்புக்குள்ள. அடி நரம்புக்கும் விழுது."

"அடிச்சு ஓயட்டுமே," என்றான் பிசாஹு.

"ஓயுறதுக்குள்ள கை போயிடும். இந்த ஸ்டீராய்டு மாத்திரை அதை அடக்கும். நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், நடுவுல நிறுத்தக் கூடாது. சீக்கிரம் வந்துட்டீங்க, நம்பிக்கை இருக்கு."

"கை சரியா வந்துடும் டாக்டரம்மா," என்றாள் கேஜாபாய். "இவ்வளவு கோவம் இருக்குற உடம்புல தெம்பு இருக்காதா?"

மாத்திரையில் அவள் முகம் உப்பியது. பிசாஹு பூசணிக்காய் என்று கேலி செய்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நரம்பு வீக்கம் வடிந்தது. சுண்டுவிரல் மட்டும் அடம்பிடித்தது. தினமும் எண்ணெய் தடவி அதை நீட்டி மடக்கினாள்.

கல்யாண மாதம் வந்தது. மணப்பெண் கையில் வளையல் உடைந்தால் அபசகுனம். பிடி சரியாகிவிட்டதா என்று முதலில் சோதித்துப் பார்க்க யார் கை கொடுப்பார்கள்?

நடுச்சந்தையில் பிசாஹு தன் முரட்டுக் கையை நீட்டினான்.

"பிசாஹுவுக்கு வளைகாப்புடா!" என்று பக்கத்துக் கடைக்காரன் கத்தினான். சந்தையே சிரித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இருப்பதிலேயே பெரிய பச்சை வளையலை எடுத்தாள். அவன் விரல்களைக் குவித்து, கணுக்களை நெருக்கிப் பிடித்தாள். வளையல் பாதி வழியில் நின்றது.

"வலிக்குதா?"

"உயிர் போகுதுடி," என்றான் பிசாஹு, கண்ணில் நீர் முட்ட. "இன்னும் அழுத்து."