ஏழாவது கிரீனின் ஓரத்தில் ஒரு ஜோடித் தடம்

1.
இந்தக் கதை திருடியது. கோல்ஃப் மன்றத்துச் சமையலறையில் பதினோரு வருடமாகச் சூப் ஊற்றுகிறவள் நான். அதன் பின்வாசலில், கோப்பைச் சூட்டில் விரல்களைச் சூடாக்கிக்கொண்டே, புல்லைப் பராமரிக்கும் ஷோனா சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள். எழுதுகிறேன்.

2.
முதல் தொடக்கம்: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஜனவரி விடியல், வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல

(விட்டுவிட்டேன். புல்லைப் பராமரிக்கிறவளுக்கு உறைபனி வெள்ளியல்ல, வினை.)

இரண்டாம் தொடக்கம்: பந்து விழும் குழியைச் சுற்றி, முகம் மழித்ததுபோல் ஒட்ட வெட்டிய புல்வட்டத்தைக் கிரீன் என்பார்கள். உறைபனி படிந்த காலையில் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. புல்லுக்குள் நீர் கண்ணாடியாகி நிற்கும்; மிதித்தால் உள்ளேயே நொறுங்கும். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு நாளில் மிதித்த தடம் அப்படியே கருகும். வசந்தம் வரை புல் வளராது, தடமும் போகாது.

பத்தொன்பது குளிர்காலமாக 'மூடியிருக்கிறது' என்ற பலகையை நடுகிறவள் ஷோனா. தலைமைப் பராமரிப்பாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் அவளுக்குத்தான் என்று பேச்சு.

3.
அன்று காலை, மன்றத்தின் கேப்டன் லாக்லன் பர்னெட் பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா ஷோனா, உன் புல்லுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"தூங்குது கேப்டன். பத்தரைக்கு எழுப்புவேன். அதுக்கு முன்னால மிதிச்சீங்க, உங்களைப் படுக்க வச்சிடுவேன்."

"அடேங்கப்பா! சரி, ஓரமா நடந்துட்டு வரேன்."

அரை மணி நேரத்தில் ஏழாவது கிரீனுக்கு அப்பால் அவர் விழுந்து கிடந்தார். பக்கவாதம். ஷோனா இந்தப் பக்கம். கிரீனின் குறுக்கே நேராக ஓடினால் முப்பது தப்படி. சுற்றினால் மணல்குழிகளையும் தாண்ட வேண்டும்.

நேரே ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் பிழைத்தார்.

(இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. என் மூன்று வரைவுகள் இங்கேதான் முடிந்தன.)

4.
இரண்டாம் நாள் கிரீனின் குறுக்கே முப்பது பூட்ஸ் தடம் கருகியது. செயலாளர் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"பக்கவாதம் வந்த மனுஷன் எங்கேயும் ஓடிடப் போறதில்லையே. சுத்திப் போயிருக்கலாம்ல?"

சிலர் சிரித்தார்கள். நான் அவருக்கும் சூப் ஊற்றினேன்.

விளக்கம் சொல்ல வரச் சொல்லி ஷோனாவுக்குக் குழுவின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை கூட்டம். அதைக் கேள்விப்பட்டு, பிப்ரவரிக் கடைசியில் கேப்டன் கைத்தடி ஊன்றி வந்தார். இடது கை கோட்டுப் பையில் செத்துக் கிடந்தது.

"இங்க பாரும்மா. 'ஒரு நொடிகூட நிக்கலை, உடனே ஓடினேன்'னு மட்டும் சொல்லு. அப்புறம் எவன் உன் பதவியில கை வைக்கிறான்னு நான் பாக்கறேன்."

அவள் அந்தக் கோட்டுப் பையையே பார்த்தாள்.

5.
ஷோனாவை வீராங்கனையாகவே எழுத நினைத்தேன். அதில்தான் இடித்தது.

முப்பது தடங்களும் ஓடும் தடங்கள். இடமும் வலமும் எட்டி எட்டி. அவற்றுக்கு முன்னால், கிரீனின் விளிம்பில், இரண்டு தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நின்ற தடங்கள். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது அவள் ஒருத்திதான்; எனக்குச் சொன்னதும் அவள்தான்.

"நின்னியா?" என்றேன்.

"சுத்திப் போனா எவ்வளவு தூரம்னு பாத்துட்டிருந்தேன். கால் தானா நின்னுடுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. அவர் இடது கையை ஆட்டிக் கூப்பிட்டார்." கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தக் கை ஆடறது நின்னப்புறம்தான் ஓடினேன்."

6.
முடிவுகள். கேப்டன் சொன்ன வாக்கியத்தை அவள் சொல்கிறாள், பதவி கிடைக்கிறது, ஒவ்வொரு காலையும் பலகை நடும்போது

உண்மையைச் சொல்கிறாள், கேப்டன் தன் கோட்டுப் பையை

(இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது. உண்மை என் வேலையைப் பறிக்காது. அதனால் அடித்துவிட்டேன்.*)

* அடித்து என்ன? நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

அவள் நின்றது இரண்டு நொடி என்று எழுதினேன். பிறகு பத்து என்று. இரண்டையும் அழித்தேன். இன்று புதன்கிழமை, நாளை கூட்டம். பனி போய்விட்டது, தடங்கள் இருக்கின்றன. விளிம்பில் இருக்கும் அந்த ஜோடியில் உங்கள் பாதங்களை வைத்து நில்லுங்கள். எதிரே ஒரு கை ஆடுகிறது. எண்ணத் தொடங்குங்கள்.