ஐந்தாம் அத்தியாயம் சற்று நீளம்

"விமர்சனம் பாத்தேன் அத்தான், நல்லா எழுதியிருக்கீங்க," என்றான் மச்சினன் தொலைபேசியில். "அஞ்சாவது அத்தியாயத்தை மட்டும் பாதியாச் சுருக்கியிருக்கலாம்னு போட்டிருக்கீங்க. அக்காகிட்ட கேட்டுட்டா எழுதினீங்க?"

"அவகிட்ட எதுக்குப்பா கேக்கணும்?"

"சரி அத்தான், அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டான்.

வாரப் பத்திரிகையில் புதுப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவர் அவர். கலை, மதம், இசை, சமூகம் என்று கதையல்லாத எது வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் வரும். அலுவலகத்தில் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர். முன்னுரை, பொருளடக்கம், கடைசி அத்தியாயம், பின்னட்டை இவற்றைப் பென்சிலும் கையுமாகப் படித்தால் போதும், புத்தகத்தின் நாடி பிடிபட்டுவிடும் என்பது அவர் கட்சி. வெறும் பாராட்டை வாசகன் நம்பமாட்டான். ஆகவே முடிக்கும் முன் ஒரு சின்னக் குறை சொல்வார். பொருளடக்கத்தில் எந்த அத்தியாயம் அதிகப் பக்கம் பிடித்திருக்கிறதோ, அதைச் சுருக்கியிருக்கலாம் என்று ஒரு வரி. இதுவரை எந்த ஆசிரியரும் சண்டைக்கு வந்ததில்லை. நீளமாக எழுதியவனுக்கு அது நீளம் என்று தெரியாதா என்ன? மச்சினனின் புத்தகம், வழிபாட்டுக் கூடங்களில் யார் யார் பாடினார்கள், அவர்களில் யார் ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பற்றியது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதென்று குறையைக் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருந்தார்.

இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் விமர்சனம் வந்த பக்கம் வெளியே தெரியும்படி மடிக்கப்பட்டு, பத்திரிகை அலமாரித் தட்டில் கிடந்தது.

"போன்ல தம்பியா?"

"ம். நல்லா இருக்காம்."

"எது? அவன் எழுதினதா, நீங்க எழுதினதா?"

குரலில் கோபம் துளியும் இல்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்தார்.

எடுத்த எடுப்பிலேயே 'என் தமக்கை' என்று இருந்தது. அவள் குரலைக் கேட்பதற்காகக் கூடத்துப் படிகளில் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிடுகிற ஆட்களைப் பற்றி மச்சினன் எழுதியிருந்தான். பிறகு அவளே பேசியிருந்தாள், பேசியபடியே அச்சாகியிருந்தது: "அவர் ஒருநாளும் பாடாதேன்னு சொன்னதில்ல. படிச்சிட்டு இருப்பார். நான் ஆரம்பிச்சா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்குவார். அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார். சற்றுமுன் அதைச் சாத்தியது அவர் கைதான், அவருக்கே நினைவில்லை. கல்யாணமான புதிதில் ஏதோ பாட்டு கேட்கும், சாத்துவார், உண்மைதான். ஆனால் அது பக்கத்து வீட்டு ரேடியோ என்றல்லவா நினைத்திருந்தார்! எழுந்துபோய்ப் பார்த்திருந்தால் எட்டடி தூரம்கூட இருந்திருக்காது.

கதவை அகலத் திறந்தார். அது தானாகவே திரும்பி வந்தது. விமர்சனத்துக்கு வந்திருந்த புத்தகங்களை ஒரு கட்டாக எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தார்.

சத்தம் கேட்டு அவள் வந்து நின்றாள். "கதவு திறந்திருக்கே. அடுப்படிச் சத்தம் கேக்குமே உங்களுக்கு?"

"கேக்கட்டும். நீ... அந்த ரேடியோன்னு நான்..."

அவள் குனிந்து, மேஜையில் விரிந்து கிடந்த தம்பி புத்தகத்தில் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்தாள். ஈர விரலால் அந்தத் தாளைத் தள்ளி அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

"இன்னும் இருக்கு. முழுசாப் படிங்க. கொஞ்சம் நீளந்தான்."

போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தக் கதவு சாத்தி அவர் பார்த்ததே இல்லை. உள்ளே குழாய் முழுசாகத் திறந்துகொண்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ கேட்பது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. கதவில் உள்ளங்கையை வைத்தார், தள்ளத் துணிவில்லை. இன்னொரு கையில், அவள் விரல் பட்ட இடத்தில் தாள் ஊறி, பின்பக்கத்து எழுத்துகள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன.