சிப்பிக்காரி மேலே போன கோடை

கடல் சூடேறிய கோடையில், நஞ்சேறிய சிப்பி பக்கத்தில் இருந்தால் சிப்பிக்காரியின் கால் தரையில் பாவாமல் போயிற்று. முதல் தடவை ஒரு சாண்தான். கழுவுதொட்டியடியில் செருப்பு மட்டும் கிடந்தது. அவள் அதற்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும் ஒரு பாசியைத் தின்ற சிப்பி, எவ்வளவு வேகவைத்தாலும் ஆளைக் கொல்லும் என்பது அந்தக் கரையின் ஆதிகுடிகளுக்குத் தெரியும். எந்தச் சிப்பி தின்றது என்பதுதான் தெரியாது. அதற்காகவே அவளுடைய நாத்தனார் படித்துவிட்டு வந்து, பழைய ஐஸ் அறையில் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தாள். அண்ணி எந்தத் தொட்டிக்கு மேலே மிதந்தாளோ அதை நாத்தனார் சோதித்தாள், நஞ்சு இருந்தது. அன்றிலிருந்து அண்ணி எங்கே எழும்புகிறாளோ அங்கேதான் மாதிரி எடுத்தாள்.

சிப்பிக்காரி காய்ச்சலில் படுத்திருந்த வாரம், சோதனை முடியும் முன்பே அவசரக்கார டிரைவர் ஒருவன் சிப்பி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எழுந்து துறைக்கு வந்தவள், மூட்டை கிடந்த ஈரத்தைத் தாண்டியதும் விர்ரென்று கூரை விட்டத்தில் போய் இடித்துக்கொண்டாள்.

"லாரி எங்க போச்சு?" என்று மேலிருந்து கத்தினாள்.

"ஏதோ ஆஸ்பத்திரிக்கு, அண்ணி! எதுன்னு தெரியல. மத்தியானச் சாப்பாட்டுக்கு!"

புருஷன் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

"முடிச்சு நிக்குமா?"

"புயல்லயே படகை விடாத முடிச்சுடி. வாயை மூடிட்டு வா."

அவன் பைக்கை முறுக்க, நாத்தனார் பின்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்க, சிப்பிக்காரி பட்டம் போலப் பறந்தாள். கயிறு தளர்ந்தால் வழி தப்பு. விண்ணென்று இழுத்தால் சரி. ஆஸ்பத்திரி வாசலில் மூன்றாம் மாடி உயரத்துக்குப் போயிருந்தாள். சன்னல்களில் நோயாளிகள் கையாட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். நாத்தனார் சமையலறைக்குள் பாய்ந்து கொதிக்கும் அண்டாவைக் கவிழ்த்தாள்.

"யாரும்மா நீ?" என்று சமையல்காரர் கரண்டியை ஓங்கினார்.

"முதல்ல வெளிய வந்து மேல பாருங்க. அப்புறம் அடிங்க."

யார் வாயிலும் ஒரு சிப்பிகூடப் படவில்லை. குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்து மூடிய பிறகே அவள் இறங்கினாள். பசிக்கிறது என்றாள்.

கடல் மேலும் சூடேறியது. அடுத்தடுத்த கோடைகளில் அவள் தங்கை எழும்பினாள், பக்கத்து வீட்டுக்காரி எழும்பினாள், கடைசியில் நாத்தனாரும் சோதனைக்குழாயோடு எழும்பினாள். யாராவது உயர்ந்தால் துறையை மூடுவார்கள். சோதனை சரியென்றால்தான் திறப்பார்கள். முதல் கோடையிலிருந்து இதுவரை அந்தக் கரைச் சிப்பியைத் தின்று ஒருவரும் சாகவில்லை. அங்கே மின்கம்பிகளை மட்டும் ரொம்ப உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஏன் என்று கேட்டால், "பொம்பளைங்க போக வர வேண்டாமா?" என்கிறார்கள்.