தகட்டைத் தொட்டுவிட்டு வாங்க

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடம். அந்தப் பேய் விளையாட்டை முடிக்க மணிகண்டராஜுக்கு ஆன நேரம் அது. எண்ணியது நானல்ல, கன்சோல். ஆட்டம் முடிந்ததும் திரையின் ஓரத்தில் அதுவே காட்டியது.

மணி என் சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் விளையாடுவான், கேமரா முன்னால் பேசுவான். பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு விமர்சனத்தை எழுதித் தருவது நான். எழுதியதை நானே பேச வேண்டும் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். விருதுநகரில் வேதியியல் படித்தபோது வாய்மொழித் தேர்வு அன்றெல்லாம் எனக்குக் காய்ச்சல் வரும். எங்கள் சேனலில் என் குரல் ஒருமுறைகூட வந்ததில்லை. என் பெயரும் வந்ததில்லை.

எழுத்தில் மட்டும் நான் பயப்படுவதில்லை. ஒரு விவசாய விளையாட்டைப் பற்றி இப்படி எழுதினேன்: "இதில் விதைத்த மறுநாளே மழை பெய்கிறது. வானம் பார்த்த மல்லாங்கிணறு பக்கம் இதை யாரும் நம்ப மாட்டார்கள். பத்துக்கு ஐந்து." கார் பந்தயத்துக்கு ஏழு கொடுத்தேன். வண்டி பாறையில் மோதினாலும் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக மூன்றைக் குறைத்தேன். குத்துச்சண்டைக்கு எட்டு. மணி அதையெல்லாம் தன் சரக்கைப் போலச் சொல்லுவான். பார்ப்பவர்கள் அவனைத்தான் கறாரான ஆள் என்றார்கள்.

நாங்கள் படம்பிடிப்பது சித்தப்பா லட்சுமிகாந்தத்தின் வீட்டில், முன்பு லேபிள் கட்டுகள் அடுக்கிவைத்திருந்த அறையில். சித்தப்பாவின் பட்டாசுக் கம்பெனிக்கு அதிகாரிகள் சித்திரையில் சீல் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு வீட்டின் பின்பக்க ஷெட்டில் லேபிள் ஒட்டும் வேலை மட்டும் நடப்பதாகச் சொன்னார். சண்முகத்தாய் அக்காவும் இன்னும் மூன்று பேரும் காலையில் வந்தால் இருட்டுவதற்கு முன் போவார்கள். எங்கள் அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. எப்போதும் சாத்தியே இருக்கும்.

ஆடி மாதத்தில் அந்தக் கதவின் நிலைக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் தகடு வந்தது. அதிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போனது.

"எதுக்குப்பா இது?" என்று மணி கேட்டான்.

"ஒம் மிசினுக்குத்தாம்லே. ஒடம்புல கரண்டு நிக்கும். அதோட போய்த் தொட்டா உள்ள போர்டு போயிரும். மொதல்ல தகட்டத் தொடு, பெறகு மிசினத் தொடு" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது அறிவியல்படி சரிதான். ஆனால் கன்சோல் இருந்தது எதிர்ச் சுவரில். தகட்டைத் தொட மணி எழுந்து அறையைக் கடந்து அந்தக் கதவுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படியொரு தகட்டை வேறோர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறையின் வாசலில். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள்.

மணி ஒவ்வொரு வீடியோவிலும் தகட்டைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். பார்ப்பவர்களுக்கு அது பிடித்துப்போனது. அவன் மறந்தால் கமெண்டில் கத்தினார்கள்: "அண்ணே, தகட்டத் தொட்டுட்டு வாங்க!" ஒருவன் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுக் கும்பிட்டுப் படம் போட்டிருந்தான். நாங்கள் சிரித்தோம்.

புரட்டாசியில் கமெண்டுகள் மாறின. "பின்னாடி மிக்சி ஓடுதா?" "ஏலே, பேய விட ஒங்க மிசின் சத்தம் பயமா இருக்குலே."

கன்சோலின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அறைக் காற்றை இழுத்துச் சூட்டை வெளியேற்றும் விசிறி அது. காற்று வரும் வழியில் தூசி அடைத்தால் வேகமாகச் சுற்றும். பேய் விளையாட்டுக்கான தீர்ப்பை அன்று மாலை நேரலையில் சொல்வதாக அறிவித்திருந்தோம். மணி குளிக்கப் போனபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினேன்.

வீட்டுத் தூசி பஞ்சு மாதிரி இருக்கும். உள்ளே பஞ்சு இல்லை. சூடு இறங்கும் தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டேன். ரேகைகளுக்குள் இறங்கி மினுங்கியது. சுத்தம் செய்ய வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்தேன். உரசினால் பொறி பறக்குமோ என்று பயந்து கீழே வைத்துவிட்டேன்.

லேபிள் ஒட்ட மைதாப் பசை போதும். வெடிமருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி தேவையில்லை.

வெளியே குழாயடியில் சண்முகத்தாய் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு போட்டும் நகக்கண்கள் வெளுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன தாயி, ஒங்க அண்ணன் பேயக் கொன்னுட்டானா இல்லையா? பொழுதன்னைக்கும் அலறல் சத்தம். நாங்க அங்கன உக்காந்து அதுக்கு ஒரு பேரே வச்சிட்டோம்."

"என்ன பேருக்கா?"

"எங்க மாமியா பேருதான்" என்று சிரித்தார். நான் அவர் கைகளையே பார்ப்பதைக் கவனித்ததும் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பில் கைகளைச் சுற்றிக்கொண்டார்.

"என்ன வேலைக்கா உள்ள?"

"லேபிளுதான் தாயி. வேற என்ன?" சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மணி தலை துவட்டிக்கொண்டு வந்தான். என் விரலை அவனிடம் நீட்டினேன். துண்டின் நுனியால் என் விரலைத் துடைத்துவிட்டான்.

"லேபிள் மை."

"மை இப்படி இருக்காதுண்ணே."

"இருக்கும். அப்பா சொன்னா இருக்கும். அம்புட்டு ஆர்டர் கெடக்கு. தீபாவளி வரைக்குந்தான், புள்ள."

"இதுக்குள்ள போற காத்து எங்கேருந்து வருது? அந்தக் கதவுக்கு அடியிலிருந்துதான். உள்ள சூடு, மோட்டார், கரண்டு. இதப் போடாதண்ணே."

"நேரலை முடியட்டும். பெறகு பேசுவோம்." மூடியை அவனே திருகினான். அந்தக் கதவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் தெரியாதவர் யாருமில்லை.

நேரலை ஓடியது மணியின் போனில். அதை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். நான் வழக்கம்போல அதற்குப் பின்னால், மடியில் எழுதிய தாளோடு. இரண்டாயிரம் பேருக்கு மேல் காத்திருந்தார்கள். "தகடு, தகடு" என்று எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின. மணி எழுந்து போய்த் தகட்டைத் தொட்டான். வந்து உட்கார்ந்து கன்சோலைப் போட்டான்.

விசிறி முதலில் முனகியது. பிறகு இரையத் தொடங்கியது.

"இந்தப் பேயோட பெரிய குறை என்னன்னா," என்று என் வரியை அவன் சொன்னான், "வர்றதுக்கு முன்னாடி மியூசிக் போட்டுச் சொல்லிட்டு வருது."

கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடத்துத் தரை மட்டும் ஈயம் பூசியதுபோல இருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். இன்னொருவர் ஏதோ சொல்ல, நான்கு பேரும் சிரித்தார்கள். சண்முகத்தாய் அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

எழுந்தேன். வாசல் பக்க வராந்தாவுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

டிவி அணைந்தது. விசிறி சுற்றி ஓய்வது வராந்தா வரை கேட்டது.

"எவன்லே மெயின அமத்துனது?" சித்தப்பா தோட்டத்துப் பக்கமிருந்து சுற்றி வந்தார். என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நீயாத்தா? என்ன ஆச்சு? கரண்டப் போடு. அங்கன வேல நடக்குல்ல."

"என்ன வேலை சித்தப்பா?"

அவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்கும் துணிவு எனக்கு இல்லை. பிறந்ததிலிருந்து அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

அறைக்குள் ஓடினேன். மணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். போன் மட்டும் அணையவில்லை. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. "கரண்ட் போச்சா?" "தீர்ப்பு என்ன?" "எத்தனை மார்க்குண்ணே?"

மணிக்கும் போனுக்கும் நடுவில் போய் நின்றேன். திரையில் என் முகம் தெரிந்தது. "யாரு இந்த அக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"கீர்த்தி, வேண்டாம்" என்றான் மணி மெதுவாக.

வராந்தாவிலிருந்து சித்தப்பா குரல் வந்தது. "ஏலே, போன்ல ஓடிக்கிட்டா இருக்கு?"

போனை நெருங்கி நின்றேன்.

"என் பேர் கீர்த்திகா. விமர்சனம் எழுதுறது நான்தான்." என் குரல் இவ்வளவு மெல்லியதா என்று இருந்தது. கொஞ்சம் உயர்த்தினேன். "எனக்குப் பின்னால இருக்கிற கதவப் பாருங்க. அந்தத் தகடு கன்சோலுக்கு வச்சது இல்ல. அங்க லேபிள் ஒட்டல. லைசென்ஸ் இல்லாம, இந்த வீட்டுக்குள்ள, நாலு பேர் வெடிக்கு மருந்து செலுத்திக்கிட்டு இருக்காங்க."