தவளை பிடித்த கதை

முப்பத்தாறு வருஷம் குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்தவன் நான். நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர்களை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய்ப் பாதி தூரம் திரும்பியும் வந்துவிடலாம். அப்பேர்ப்பட்ட என்னையும் என் இயந்திரத்தையும் சேர்த்து ஏமாற்றிய ஒரே ஆள், ஏழு வயது வாலு ஒருத்தி.

அவளுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும். அம்மா அள்ளிக்கொண்டு ஓடிவருவாள். ஸ்டிக்கர் ஒட்டினால் கோடு பரம சாதுவாக நடக்கும். மூன்று முறையும் இதே கூத்து. படபடப்பு காகிதத்தில் அகப்படாமல் டாக்டரம்மா என்னவென்று வைத்தியம் பார்ப்பார்? நாலாவது முறை வந்தபோது, அம்மாவின் கையில் பள்ளிக்கூடத்துக் கடிதம் வேறு.

“கிளாஸ் நடுவுல தலைகீழா நிக்கிறாளாம் சார். இன்னொரு தடவை நின்னா டி.சி.தானாம். நெஞ்சு படபடக்குதுன்னு சொல்றதும் இவ சேட்டையோ என்னவோ!”

“பொய் இல்லம்மா!” என்ற வாலு, சட்டென்று நெஞ்சைப் பிடித்தாள். நான் வயரை எடுப்பதற்குள் சுவரோரம் ஓடிக் கால்களை மேலே வீசிவிட்டாள்.

“பாத்தீங்களா! இங்கயும் வந்து மானத்த வாங்கறா!” அம்மா கையை ஓங்கினாள்.

“அடிக்காதீங்கம்மா, இருங்க. ஏன் கண்ணு நிக்கிற?”

“உள்ள தவளை குதிக்குது மாமா. இப்படி நின்னா தூங்கிடும்,” என்றது தரையோரத்து முகம்.

குனிந்து நாடி பிடித்தேன். எண்ண முடியாத ஓட்டம். அடுத்த நொடி டக்கென்று நிதானம். எனக்குப் பொறி தட்டிய சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும். நாங்கள் பிடிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு தடவையும் இவளே வைத்தியம் பார்த்து முடித்திருக்கிறாள்!

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அடுத்தது வர்ற வரைக்கும் வயரோடயே உக்கார வைங்க,” என்றார்.

“இனி தவளை வந்தா பத்து எண்ணிட்டுத்தான் நிக்கணும். நான் அதைப் படம் பிடிச்சுக்கறேன்,” என்றேன் ஸ்டிக்கர்களை ஒட்டியபடி.

“அப்புறம் நிக்கலாமா?”

“நீ நிக்கலன்னா நான் நிப்பேன்.”

இரண்டு மணி நேரம், அதாவது இரண்டு யுகம், தவளை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, “மாமா, வந்துடுச்சு!”

இயந்திரம் பேய் பிடித்ததுபோல் கிறுக்கியது. நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது துடிப்பு. இந்தக் கணக்கில் மட்டும் நான் கைவைக்கவில்லை.

“ஒண்ணு… ரெண்டு…” ஐந்தில் குரல் உடைந்தது. “ஆறு,” என்றாள் அம்மா. பிறகு இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள்.

“இப்ப நில்லு!” என்று கத்தினேன். வயர்கள் விழுதுகளாய்த் தொங்க, கால்கள் மேலே போயின. அம்மா ஓடிப்போய்க் கணுக்கால்களைத் தாங்கிக்கொண்டாள். கோடு ஒரு குலுக்குக் குலுக்கி, நல்ல பிள்ளையாய் நடந்தது.

டாக்டரம்மா வந்து காகிதத்தை உருவிப் பார்த்தார். “பிடிச்சுட்டோம்! இதயத்துக்குள்ள ஓடற கரண்டுக்கு ஒரு குறுக்குச் சந்து இருக்கு. அதுல புகுந்து சுத்திச் சுத்தி ஓடுது. இப்போதைக்கு மருந்து. இன்னும் வளந்ததும், கால் ரத்தக்குழாய் வழியா மெல்லிசு வயர் விட்டு அந்தச் சந்தையே அடைச்சுடலாம்.”

“அதுவரைக்கும் ஸ்கூல்ல?” என்றாள் அம்மா.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். ‘தேவைப்படும்போது தலைகீழாக நிற்க இம்மாணவியை அனுமதிக்கவும்.’

வாலு எட்டிப் பார்த்தாள். “சுவரோரமா சீட்டுன்னும் எழுதுங்க டாக்டர். கணக்கு டீச்சர்கிட்ட இருந்து ரொம்ப தூரமா.”

முதல் பாதியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.