யாரும் கேட்காத நாற்காலி

எங்கள் டுலூத் ஊரில் தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் என்ன ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எடுத்துப் பார்த்தவர் இல்லை. கிரெட்சன் திங்கட்கிழமைதோறும் அலுவலகத்துக்குச் சுட்டுக்கொண்டு வரும் 'எலுமிச்சை பார்' என்ற இனிப்பு மத்தியானத்துக்குள் ஒரே ஒரு துண்டாகிவிடும். அப்புறம் ஒருவர் வந்து அதில் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் பார்த்தால் கட்டைவிரல் நகமளவு ஒன்று, பக்கத்தில் கத்தியோடு, கேட்பாரற்று உட்கார்ந்திருக்கும். மறுநாள் கிரெட்சனே அதைக் குப்பையில் தட்டிவிட்டுத் தட்டைக் கழுவுவாள்.

லோர்னா ஹால்வர்சனுக்கு அதைப் பார்த்தால் வழக்கமாகச் சிரிப்பு வரும். அந்த ஜனவரியில் வரவில்லை. அவளுடைய வேலையும் அந்தத் துண்டின் கதிக்கு வந்திருந்தது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கெட்டுப்போனால் ஆள் அனுப்பும் கம்பெனி அது. போன் எடுப்பவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு மேலே லோர்னா, மூலையில் ஒரு கண்ணாடி அறையில். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் ஃபர்னஸ் நின்றுபோனவன் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அந்த மாதிரிப் போன் வந்தால் லோர்னாவிடம் தள்ளிவிடலாம். இது அவளே போட்ட சட்டம். "என் பிள்ளைகள் திட்டு வாங்கக் கூடாது" என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பிள்ளைகளில் கிரெட்சன் அவளைவிட இரண்டு வயது மூத்தவள்.

மாநிலம் முழுக்க உள்ள சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பதவி ஒன்று காலியாக இருந்தது. லோர்னா அதற்கு ஏங்கி ஏங்கிப் பல வருஷம் ஆயிற்று. இந்தத் தடவை மினியாப்பொலிஸிலிருந்து மேலதிகாரி கர்ட்டிஸ் கூப்பிட்டு, வேலை உனக்குத்தான், ஒரே நிபந்தனை என்றார். அவளுடைய இடத்துக்கு அவளுடைய ஆட்களிலேயே ஒருவரை வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தன் கீழே ஒருவரைக்கூட வளர்த்துவிடாதவர் ஊருக்கெல்லாம் என்னத்தைக் கற்றுக்கொடுப்பார் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். லோர்னாவுக்கும் அது சுலபமான நிபந்தனையாகவே பட்டது. மூன்று பேராவது முட்டி மோதிக்கொண்டு வருவார்கள், மற்ற இரண்டு பேரை எப்படிச் சமாதானம் செய்வது என்பதுதான் அவள் கவலை.

அறிவிப்பு போட்டாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

சரி, கூச்சப்படுகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். கிரெட்சன், "ஐயோ, எவ்வளவு நல்ல வேலை" என்று ஆரம்பித்து முழங்கால் வலியில் முடித்தாள். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலைக்கு முழங்கால் எதற்கு என்று லோர்னா கேட்கவில்லை, இந்த ஊரில் அப்படியெல்லாம் கேட்க மாட்டோம். வேட் பெல்கி, வாய் ஓயாமல் வேடிக்கை பேசுகிறவன், பையன்களுக்கு ஹாக்கி சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டான். அந்த ஹாக்கியை அவன் போன குளிர்காலத்தோடு விட்டுவிட்டது லோர்னாவுக்குத் தெரியும். விட்டதற்குக் கேக் வெட்டியதே அவள்தான். மற்ற இருவரும் இதே ரகம். கடைசியாகப் பாக்கூ ஷியோங் வந்தாள். முப்பது வயது, கம்பெனியிலேயே கூர்மையான மூளை, லோர்னா மனதுக்குள் முடிசூட்டி வைத்திருந்தவள். அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"சுவாரசியமா இருக்கு, லோர்னா. யோசிச்சுச் சொல்றேன்."

அதோடு லோர்னாவின் நம்பிக்கை போயிற்று. நீங்கள் புதிதாக மாட்டிய திரைச்சீலை கண்றாவியாக இருந்தால் எங்கள் ஊரில் அதற்கும் சுவாரசியம் என்றுதான் பெயர்.

சம்பளம் கூடுதல், வெள்ளிக்கிழமை அரை நாள், கார் நிறுத்தக் கதவோரமாகவே இடம். வேறு யாராக இருந்தாலும் நன்றி கெட்ட ஜனங்கள் என்று சபித்துவிட்டுப் போயிருப்பார்கள். லோர்னாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முந்திக்கொண்டது. ஒரு முடிச்சு கிடைத்துவிட்டால் அவிழ்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஐந்து பேர் ஐந்து பொய் சொல்கிறார்கள் என்றால் உண்மை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு கம்பெனி எதுவும் இவர்களை மொத்தமாக வளைத்துப்போடப் பார்க்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை. ஒருவருக்கொருவர் பிடிக்கவில்லையோ என்று பார்த்தால், அப்படியும் இல்லை, கூடிக்கூடிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம்தான் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள்.

கண்ணாடி அறையில் உட்கார்ந்தால் வெளியே எல்லாம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும் என்பதை அவள் அத்தனை வருஷத்தில் யோசித்ததில்லை. புதன்கிழமை மத்தியானம் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பிரித்தாள். வெளியே ஐந்து தலையும் நிமிர்ந்தன. நிமிர்ந்த வேகத்திலேயே குனிந்தும்கொண்டன.

இதென்ன கூத்து என்று அவளுக்குள் குறுகுறுப்பு. சாண்ட்விச்சை வாய்வரை கொண்டுபோனாள். வேட்டின் விரல்கள் கணினி விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. கடிக்காமல் கீழே வைத்தாள். கிரெட்சனின் தோள் தொய்ந்தது. மறுபடி எடுத்து ஒரு கடி கடித்தாள். வேட்டின் உதடு ஏதோ எண்ணியது. அதற்குள் போன் வந்துவிட்டது. ஃபர்னஸ் நின்றுபோன ஒருவர் அவளுடைய பரம்பரையையே விசாரித்தார். "நீங்க சொல்றது சரிதான் சார்" என்று அவர் ஓயும்வரை சொல்லிவிட்டு வைத்தபோது பசி போயிருந்தது. சாண்ட்விச்சைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வெளியே வேட் மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்துபோய் எல்லோருக்கும் காபி போட்டான். கிரெட்சன் இளித்துக்கொண்டே அவனிடம் கோப்பையை நீட்டினாள்.

லோர்னா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த அலுவலகத்தில் காபி போட முறை வைத்ததில்லை. ஆனாலும் மத்தியானம் யாராவது ஒருவர் தானாக எழுந்து போடுவார்கள். என் ஆட்கள் எவ்வளவு ஒற்றுமை என்று கர்ட்டிஸிடமே பீற்றியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால், அந்த யாராவது எழுந்தது எப்போதும் அவளுடைய சாண்ட்விச் குப்பைக்குப் போன பிறகுதான்.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பாக்கூ தன் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். லோர்னா தன்னுடைய சுரண்டியோடு போய் மறுபக்கத்துக் கண்ணாடியில் ஆரம்பித்தாள். முகம் பார்த்துப் பேச முடியாததை எங்கள் ஊரில் இப்படி ஏதாவது கைவேலையோடுதான் பேசுவோம்.

"என் சாண்ட்விச்ச வச்சு என்ன பந்தயம் கட்டுறீங்க?"

சுரண்டும் சத்தம் நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். என்ன பந்தயம்னுதான் புரியல."

பாக்கூ சுரண்டியில் ஒட்டிய பனியைத் தட்டினாள். "எத்தன கடி கடிப்பீங்கன்னு. தோத்தவங்க காபி போடணும்."

"முழுசாச் சாப்பிடுவேன்னு யாராவது கட்டியிருக்கீங்களா?"

"சேர்ந்த புதுசுல நான் கட்டினேன். அந்த வாரம் பூரா நான்தான் காபி போட்டேன்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பாக்கூவும் சிரித்தாள். ஆனால் லோர்னாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவிழாத முடிச்சு அவள் கண் முன்னாலேயே அவிழ்ந்துகொண்டிருந்தது.

"இதனாலதான் இந்த வேலைய யாரும் கேக்கலயா?"

பாக்கூ மறுபடி சுரண்டினாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"நீங்க எங்கள ஒரு நாளும் திட்டினதில்ல, லோர்னா. எங்களுக்கு வர்ற திட்டக்கூட நீங்களே வாங்கிக்கிறீங்க. லீவு எடுக்க மாட்டீங்க. வெளிய வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவீங்க. ஆனா அந்த ரூம்ல நீங்க எப்படி உக்காந்திருப்பீங்கன்னு நாங்க தினம் பாக்கறோம். அதப் பாத்துட்டு அந்த நாற்காலிய யார் கேப்பா?"

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்."

"நாங்க கேக்கலயே."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட லோர்னாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பாக்கூவே தான் சொன்னதில் பயந்துபோய், மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்றாள். லோர்னா அவள் கண்ணாடியைச் சுத்தமாகச் சுரண்டி முடித்துவிட்டு, பத்திரமாகப் போ என்று சொல்லிவிட்டு, தன் காரில் வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் நல்ல தலைவி என்று நினைத்துக்கொண்டு செய்த ஒவ்வொன்றும், இந்த வேலைக்கு வந்துவிடாதே என்று அந்தப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதுபோல் ஆகியிருக்கிறது.

வியாழக்கிழமை குளிர் உச்சத்துக்குப் போயிற்று. போன்கள் ஓயவில்லை. மத்தியானம் லோர்னா சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்தாள். நான் சாப்பிடும் அறைக்குப் போகிறேன், கோபக்கார போன் வந்தால் எடுத்தவரே பேசி முடியுங்கள், சரியோ தப்போ நீங்கள் சொன்னதுதான் முடிவு என்றாள். ஐந்து பேரும் அவளுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டதைப்போலப் பார்த்தார்கள்.

அவள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் வேட் வாசலில் நின்றான்.

"பாஸ், மலை மேல இருக்கற அபார்ட்மெண்ட் ஓனர். உங்ககிட்டதான் பேசுவாராம். தொண்ட கிழியக் கத்தறாரு."

லோர்னாவின் கால் தானாக எழப் பார்த்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பேசு, வேட்."

"நான் பேசினா எக்குத்தப்பா ஏதாவது சொல்லிருவேன்."

"சொல்லு. நான் சாப்பிடறேன்."

அவன் போனான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. முதலில் தடுமாறினான். அப்புறம் ஏதோ மீன்பிடிக் கதைக்குப் போனான். லோர்னாவாக இருந்தால் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டிருப்பாள். இவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இரண்டு ஹீட்டர் இரவல் தருகிறேன், ஆள் வரும்வரை அதை வைத்துச் சமாளியுங்கள், ஆனால் எங்கள் ஆள் வரும்போது காபி இருக்க வேண்டும் என்றான். கம்பெனியில் இரவல் ஹீட்டர் என்று ஒரு வழக்கமே கிடையாது. கிடங்கில் சும்மா கிடக்கும் பழையதைச் சொல்கிறான் என்று லோர்னாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏன் தனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை என்று வியந்துகொண்டே மென்றாள்.

சாண்ட்விச் தீர்ந்தது. அதில் போட்டிருந்த ஊறுகாய் வெள்ளரி தனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தாள். இத்தனை வருஷமாக அதையே வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு நாளும் அதுவரைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

வெறும் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஐந்து பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்தார்கள். முழுசாகச் சாப்பிடுவாள் என்று யாரும் கட்டியிருக்கவில்லை. ஐந்து பேருமே தோற்றுப்போனதில் காபி யார் போடுவது என்று ஒரே குழப்பம். லோர்னா பழக்கதோஷத்தில் காபிப் பாத்திரத்தின் பக்கம் நடந்தாள். "நீங்க உக்காருங்க" என்று கிரெட்சன் அதட்டிவிட்டு, முழங்கால் வலியெல்லாம் மறந்து எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை கர்ட்டிஸ் கூப்பிட்டார். ஒரு பெயர், எந்தப் பெயரானாலும் போதும் என்றார். வேட்டின் கையைக் காலைப் பிடித்திருந்தால் பெயருக்குச் சம்மதித்திருப்பான். லோர்னாவுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

"பேர் இல்ல, கர்ட்டிஸ். என் நாற்காலிய யாரும் கேக்க மாட்டாங்க. கேக்க முடியாத மாதிரி நானே ஆக்கி வச்சிருக்கேன். இந்த வாரம்தான் தெரிஞ்சுது."

"சுவாரசியமா இருக்கு" என்றார் கர்ட்டிஸ்.

பதவி பெமிட்ஜி ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. லோர்னா வீட்டுக்குப் போய் அழுதாள். அழாமல் இருந்தாள் என்று சொன்னால் அது பொய். திங்கட்கிழமை வந்து, வழக்கம்போல வேலையைப் பார்த்தாள், மத்தியானம் மட்டும் சாப்பிடும் அறைக்குப் போனாள். வெள்ளரி போடுவதை விட்டுவிட்டாள். பந்தயம் தானாகச் செத்துப்போய்விட்டதால் காபிக்கு முறை வைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் ஒரு வாரம் லீவு எடுத்துப் போனாள். போனவள் மூன்றாம் நாளே தாங்க மாட்டாமல் போன் போட்டாள். வேட் எடுத்து, தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டான்.

லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை பாக்கூ கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அந்த வாரம் பூரா நிர்வாகத்தை அவள்தான் பார்த்திருந்தாள். என்ன விபரீதமோ என்று லோர்னாவுக்குத் திக்கென்றது. அப்படி ஒன்றுமில்லை. பழுதுபார்க்கப் போகும் ஆட்களின் நேரத்தை மாற்றிப் போட்டிருக்கிறாளாம், அதை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். விட்டுவிடலாம் என்றாள் லோர்னா. பாக்கூ எழுந்திருக்கவில்லை.

"இந்த வேலை எப்ப காலியாகும்?"

"காலியாகாது. நான் எங்கயும் போகலயே. அந்தப் பதவிதான் பெமிட்ஜிக்குப் போயிடுச்சே."

"அப்ப வேற ஒண்ணு தேடுங்க, லோர்னா. சீக்கிரம் தேடுங்க. எனக்கு இந்த ரூம் வேணும்."

இந்த ஊரில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. சரி, தேடுகிறேன் என்று மட்டும் சொன்னாள் லோர்னா.

பாக்கூ வெளியே போனாள். போகிற வழியில் கிரெட்சனின் தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. கத்தியை எடுத்தாள். நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணாடிக்குள்ளிருந்து லோர்னாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கூ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவப் போனாள்.