நடுவில் நிற்பவர் மூக்கொழுகி

ஸ்டூடியோவில் எடுக்கும் குடும்பப் படத்தைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, அடியில் யார் யார் என்று வெள்ளை மையால் எழுதித் தருவது அக்காவின் வேலை. முத்து முத்தான கையெழுத்து. பதினெட்டு வருஷத்தில் ஒரு எழுத்து பிசகியதில்லை. அப்படிப்பட்ட கை நேற்றுத் தவறிவிட்டதாம், நம்பச் சொல்கிறார்கள்.

படம் அவள் தம்பி குடும்பத்துடையது. அக்காளும் தம்பியும் பேசி எட்டு வருஷம் ஆகிறது. செத்துப்போன அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்பதுதான் சண்டை. இருவருக்கும் ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராது என்பது வேறு விஷயம். சரி, தம்பி வீட்டுப் பக்கத்திலேயே மூன்று ஸ்டூடியோ இருக்க, இரண்டு பஸ் மாறி இங்கே எதற்கு வந்தான்? கேட்டால், 'இங்க வெளிச்சம் நல்லாருக்கும்' என்பான். படம் எடுத்த அன்றைக்கு அக்கா பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. திரைச்சீலை ஓரத்தில் மட்டும் ஒரு கண் முளைத்திருந்தது.

மறுநாள் தம்பியிடமிருந்து வந்த துண்டுச்சீட்டில் 'நடுவில் நிற்பவர்: குடும்பத் தலைவர்' என்றிருந்தது. படத்தில் கோட்டுக்குள் விறைத்து நின்ற அந்த ஆளை அவள் வெகுநேரம் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? அவளிடம் யாரும் சொல்லவில்லை. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாளாம்: 'நடுவில் நிற்பவர்: மூக்கொழுகி.'

வெள்ளை மை அழியாது. அட்டையை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போவானோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று தம்பி வந்தான். அட்டையைப் பார்த்தான். அக்கா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க, போட்டோகிராபரிடம் பேசினான்.

"அண்ணே, யாரு இந்த மூக்கொழுகின்னு, எழுதினவங்களக் கேளுங்க."

"அஞ்சு வயசு வரைக்கும் எம் பாவாடையில மூக்கத் தொடச்ச ஆளுன்னு சொல்லுங்க."

"எம் பொண்ணு பாத்தா சிரிக்க மாட்டாளான்னு கேளுங்க."

"நல்லா சிரிக்கட்டும். அத்தைகிட்ட இன்னும் பத்துப் பட்டப்பேரு இருக்குன்னு சொல்லுங்க."

"நான் என்ன தபால்காரனா?" என்று போட்டோகிராபர் தலையில் அடித்துக்கொண்டார்.

தம்பி அட்டையை உறைக்குள் போடப் போனான். இதோடு போய்விடுவான். அடுத்த படத்துக்கு எத்தனை வருஷமோ.

"மை காயலன்னு சொல்லுங்க." அக்கா பாதி எழுந்துவிட்டாள். "உறையில போட்டா ஒட்டிக்கும்."

நேற்றுக் காலையில் எழுதியது. கால் மணி நேரத்தில் காய்கிற மை என்று போட்டோகிராபருக்குத் தெரியும். அவர் திரும்பிக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

தம்பி அந்தப் பட்டப்பெயர்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்றான், போட்டோகிராபரைப் பார்க்காமல். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.